சேலத்துக்குச் சபர்மதி வேண்டாம்

திருமணிமுத்தாற்றைப் பற்றிச் சேலத்தில் யார் பேச ஆரம்பித்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் சபர்மதி வந்துவிடும். அகமதாபாத்தில் செய்து காட்டினார்களே, நம்மால் ஆகாதா என்பார்கள். கொஞ்சம் வெளிநாடு சுற்றியவராக இருந்தால் சியோல் நகரத்து சொங்கேசொன் ஓடையைச் சொல்வார். வணிகர் சங்கக் கூட்டம், மாமன்றத்தின் பட்ஜெட் விவாதம், தேர்தல் வாக்குறுதி, எங்கே போனாலும் ஒரே படம்தான். இரண்டு பக்கமும் தடுப்புச்சுவர், அடியில் கான்கிரீட் தளம், மேலே நடைபாதை, அலங்கார விளக்கு, நடுவே தெளிந்த தண்ணீர். கரையில் குடிசை இருக்காது, தள்ளுவண்டி இருக்காது. கரை சீரானால் ஆற்றோரப் பேட்டைகளுக்கு உயிர் வரும், மனை விலை ஏறும், முதலீடு வரும், அந்தப் பணத்தில் ஆறும் சுத்தமாகும் என்பது வாதம்.

கட்சி வேறுபாடில்லாமல் எல்லோரும் தலையாட்டுகிற விஷயம் என்பதாலேயே இதை யாரும் கேள்வி கேட்பதில்லை. நான் கேட்கிறேன். இந்தத் திட்டத்தில் வேலைகளின் வரிசையே தலைகீழ். கரையில் கொட்டுகிற ஒவ்வொரு கோடியும் ஆற்றைச் சுத்தம் செய்யும் நாளை இன்னும் தள்ளிப் போடுகிறது. சேலம் நகரத்துக்குக் கீழே, நாமக்கல் மாவட்டத்தில் இதே ஆற்றங்கரையில் விவசாயம் பார்ப்பவர்களுக்கு அது நேரடியான துரோகமும் கூட.

முதலில் ஆற்றின் வழியைப் பார்ப்போம். சேர்வராயன் மலையில் புறப்பட்டு, சேலம் நகரத்தின் நடுவே சுகவனேஸ்வரர் கோயில் பக்கமாகவும் கடைவீதிகளின் முதுகுப்புறமாகவும் நெளிந்து, கொண்டலாம்பட்டி, உத்தமசோழபுரம், ஆட்டையாம்பட்டிப் பக்கம் இறங்கி, மல்லசமுத்திரம், பரமத்தி வழியாகப் போய் நஞ்சை இடையாற்றில் காவிரியோடு சேர்கிறது. மாநகராட்சி எல்லைக்குள் அது ஓடுவது மொத்த நீளத்தில் சிறு துண்டுதான். மிச்சமெல்லாம் குச்சிக்கிழங்கும் தென்னையும் சோளத்தட்டும் விளைகிற பூமி. ஆனால் இதுவரை வந்த ‘ஆற்றங்கரை மேம்பாடு’ பேச்சு எல்லாமே அந்தச் சிறு துண்டோடு நின்றுவிடுகிறது. படம் வரைபவருக்கு ஆறு அணைமேட்டில் பிறந்து நகர எல்லையில் மறைந்துவிடுகிறது.

இதில் நிர்வாகச் சிக்கல் ஒன்றும் உண்டு. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமானது. அன்றிலிருந்து ஆற்றை அழுக்காக்குகிறவர்கள் ஒரு ஆட்சியருக்குக் கீழே, அழுக்கைச் சுமக்கிறவர்கள் இன்னொரு ஆட்சியருக்குக் கீழே. மதியம்பட்டித் தரைப்பாலத்தில் நுரை பொங்கினால் அந்த ஊர்க்காரர் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்பது நாமக்கல்லில். நுரைக்குக் காரணமான குழாய் இருப்பது சேலத்தில். மனு ‘தக்க நடவடிக்கைக்காக’ அனுப்பப்பட்டது என்று ஒரு கடிதம் வரும். அதோடு சரி.

ஆற்றின் நிலை என்ன என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் வெளியிட்ட பட்டியலில் நாடு முழுவதும் 351 மாசடைந்த ஆற்றுப் பகுதிகள் இருந்தன. அவற்றை ஐந்து வகையாகப் பிரித்து, மிக மோசமான 45ஐ முதல் வகையில் வைத்தார்கள். தமிழ்நாட்டுக்குக் கிடைத்த இடங்கள் ஆறு. அதில் சேலம் முதல் பாப்பாரப்பட்டி வரையிலான திருமணிமுத்தாறு முதல் வகை. சரபங்கா முதல் வகை. வசிஷ்ட நதியும் முதல் வகை. சேலம் மாவட்டத்தின் மூன்று ஆறுகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன. தண்ணீரில் இருக்கும் அழுக்கைச் செரிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற கணக்குதான் இதற்கு அளவுகோல். குளிக்கத் தகுந்த ஆற்றில் அது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 30ஐத் தாண்டினால் முதல் வகை. இந்த எண்ணைக் கீழே கொண்டுவர தடுப்புச்சுவருக்கு என்ன சக்தி இருக்கிறது? நடைபாதை ஓடுகளுக்கு?

கோடையில் இந்த ஆற்றில் ஓடுவது எந்தத் தண்ணீர் என்று யோசித்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். மலையில் மழை இல்லாத மாதங்களில் ஊற்றுத் தண்ணீர் என்று சொல்ல ஆற்றில் எதுவும் இல்லை. ஆனாலும் ஆறு வறண்டு கிடப்பதில்லை, கருப்பாக ஓடிக்கொண்டே இருக்கிறது. அது மேட்டூரிலிருந்து குழாய் வழியாகச் சேலத்துக்கு வரும் காவிரித் தண்ணீர். எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் அதைக் குடித்து, குளித்து, பாத்திரம் துலக்கி, கழிப்பறையில் ஊற்றி, சாக்கடை வழியாகத் திருமணிமுத்தாற்றில் விடுகிறார்கள். அது போய் மறுபடியும் காவிரியில் சேர்கிறது. அங்கிருந்து கீழே காவிரிப் படுகையில் கிணறு வெட்டிக் குடிநீர் எடுக்கும் ஊர்களின் வரிசை திருச்சியையும் தாண்டிப் போகிறது. காவிரியை மேட்டூரில் கடன் வாங்கி நஞ்சை இடையாற்றில் திருப்பிக் கொடுக்கிறோம். வாங்கியபோது இருந்த நிலையில் கொடுக்கவில்லை.

ஆக, கரை அசிங்கமாக இருப்பதால் ஆறு சாகவில்லை. வீட்டுக்கு வீடு கிளம்புகிற தண்ணீர் போய்ச்சேர வேறு இடமில்லாததால் செத்துக்கொண்டிருக்கிறது. சேலத்தில் பாதாளச் சாக்கடைத் திட்டம் 2000களின் நடுவில் தொடங்கியது. அதன் கதை ஊருக்கே தெரியும். தெருவைத் தோண்டினார்கள், குழாய் பதித்தார்கள், பல இடங்களில் பாதியில் நின்றது, பிறகு வேறு ஒப்பந்ததாரர், மறுபடி தோண்டல். சுத்திகரிப்பு நிலையம் கட்டி முடித்தாலும் தெருக்குழாயும் வீட்டு இணைப்பும் இல்லையென்றால் அதற்குள் போக எதுவும் இல்லை. இணைப்புக்கு வைப்புத்தொகை கட்ட வேண்டும், வீட்டுக்குள் தளத்தை உடைக்க வேண்டும், மாதாமாதம் கட்டணம் வேறு. வாசலில் ஓடும் மழைநீர் வடிகாலில் ஒரு பி.வி.சி. குழாயைச் சொருகிவிட்டால் எந்தச் செலவும் இல்லை. கேட்க ஆளில்லாத ஊரில் சராசரி மனிதர் எதைச் செய்வார்?

கிச்சிப்பாளையம் பக்கமோ குகைப் பக்கமோ ஒரு சந்துக்குள் போய் நின்று பார்க்கலாம். வடிகாலின் பக்கச்சுவரில் முழங்கால் உயரத்தில் வரிசையாகக் குழாய் வாய்கள் எட்டிப் பார்க்கும். காலை நேரமென்றால் ஒன்றில் சோப்பு நுரை, அடுத்ததில் அரிசி கழுவிய தண்ணீர், மூன்றாவதில் சொல்ல வேண்டாம். எல்லாம் சேர்ந்து சந்து முனையில் பெரிய வடிகாலில் விழுந்து, அது ஆற்றில் விழுகிறது. ஆற்றின் இருபுறமும் பத்தடிச் சுவர் எழுப்பும் பொறியாளர் இந்த வடிகால்களை என்ன செய்வார்? சுவரில் ஓட்டை விட்டு உள்ளே திறந்துவிடுவார். வேறு வழி அவருக்கு இல்லை. புதுச் சுவர் கட்டிய ஆற்றில், சுவரின் அழகான ஓட்டைகள் வழியாக, பழைய சாக்கடையே விழும்.

அடுத்தது சாயம். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நெசவுதான் சோறு போடுகிறது. சேலத்து வெண்பட்டு, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டித் தறிகள், பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறி, எல்லாவற்றுக்கும் நூலில் நிறம் ஏற வேண்டும். உரிமம் வாங்கிச் சுத்திகரிப்புப் பொருத்திய பட்டறையும் உண்டு, வீட்டின் பின்புறம் இரண்டு தொட்டியோடு நடக்கும் பட்டறையும் உண்டு. பின்னது மழைக்காகக் காத்திருக்கும். மேகம் கறுத்ததும் தொட்டியைத் திறந்துவிடுவார்கள், மழை வெள்ளத்தோடு போய்விடும் என்று. அதனால்தான் முதல் மழைக்கு மறுநாள் உத்தமசோழபுரத்திலும் அதற்குக் கீழேயும் ஆற்றில் வெள்ளை நுரை ஆள் உயரத்துக்கு நிற்கிறது. பத்திரிகைகளில் படம் வருகிறது. தரைப்பாலத்தில் இருசக்கர வாகனக்காரர் நுரையைக் கிழித்துக்கொண்டு போகும் படம். அடுத்த வாரம் அதிகாரிகள் ஆய்வு, சில இணைப்புகள் துண்டிப்பு என்று செய்தி. வருடா வருடம் தீபாவளி மாதிரி வந்து போகிறது.

படத்தில் வராதது ஒன்று இருக்கிறது. கீழாற்றில் கரையோரக் கிணற்றுக்காரர் மோட்டார் போட்டு வாய்க்காலில் தண்ணீர் விடும்போது பாருங்கள். முதலில் வருவது தேயிலைத் தண்ணீர் நிறத்தில் இருக்கும், மேலே மெல்லிய ஏடு. வாய்க்கால் காய்ந்த பிறகு வரப்போரம் வெள்ளையாகப் பூத்திருக்கும். அந்த உப்பு எந்த உரத்தாலும் போகாது. நெல்லை விட்டுக் கரும்புக்குப் போய், கரும்பை விட்டுத் தென்னைக்குப் போய், தென்னையும் குருத்துச் சிறுத்தபின் தட்டு விதைத்து மாட்டுக்குப் போடுகிறார்கள். வரிசையாகப் பயிரைக் கைவிட்டுக்கொண்டே வருகிற இந்த விவசாயிக்கு, நகரத்தில் ஆற்றோரம் அலங்கார விளக்கு போட்டிருக்கிறோம் என்ற செய்தி எப்படிக் கேட்கும்?

இனி சபர்மதி. அதை முழுசாகச் சொல்லாமல் பாதியைச் சொல்வதுதான் இந்த விவாதத்தின் பெரிய மோசடி. அகமதாபாத்தில் அந்தத் திட்டத்துக்கான நிறுவனம் 1997இல் அமைந்தது. 2012இலிருந்து கரையை மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இரு கரையிலும் சுமார் 11 கிலோமீட்டர் நீளம். அகலம் கூடிக்குறைந்து ஓடிய ஆற்றை 263 மீட்டர் என்று ஒரே அகலத்துக்குக் கொண்டுவந்து, 200 ஹெக்டேர் நிலத்தை ஆற்றிலிருந்து எடுத்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் கரையை விட்டுப் போயின. சரி, தண்ணீர்? சபர்மதி மழைக்கால ஆறு. அகமதாபாத்தின் படங்களில் பளபளக்கும் தண்ணீர் நர்மதைக் கால்வாயிலிருந்து விட்டது. அதை வாஸ்ணா தடுப்பணையில் தேக்கி வைத்திருக்கிறார்கள். அந்த அணைக்குக் கீழே போனால் நகரத்தின் கழிவுநீரும் ஆலைக் கழிவும்தான் ஆறு. திருமணிமுத்தாற்றை முதல் வகையில் போட்ட அதே 2018ஆம் ஆண்டுப் பட்டியலில் சபர்மதியும் முதல் வகையில்தான் இருக்கிறது. நடைபாதை திறந்து ஆறு வருஷம் கழித்து வந்த பட்டியல் அது. முன்மாதிரி என்று நமக்குக் காட்டப்படுவது இந்த ஆறு.

சியோலைச் சொல்பவர்கள் இன்னும் கொஞ்சம் நேர்மையானவர்கள். அங்கே 2003இல் வேலை தொடங்கி 2005இல் முடித்தார்கள். நடுநகரத்தில் ஓடைக்கு மேலே போட்டிருந்த உயர்மட்டச் சாலையையே இடித்து எறிந்த துணிச்சல் பெரிய விஷயம்தான். ஆனால் அந்த 5.8 கிலோமீட்டர் ஓடையில் ஓடும் தண்ணீரை, ஒரு நாளைக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் டன் அளவுக்கு, பெரும்பாலும் ஹான் ஆற்றிலிருந்து மின்சாரம் செலவழித்து ஏற்றி விடுகிறார்கள். நகரத்தின் சாக்கடை ஓடையில் கலக்காமல் இருக்கத் தனிக்குழாய் ஏற்பாடு உண்டு. அந்த இரண்டாவது ஏற்பாட்டைப் பற்றி நம் ஊர் மேடைகளில் ஒருவரும் மூச்சு விடுவதில்லை.

சேலத்துக்கு ஹான் ஆறு எது? உடனே மேட்டூர் என்பார்கள். மேட்டூர் உபரிநீரைச் சரபங்கா வடிநிலத்தின் வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுபோகும் திட்டம் 2021இல் தொடங்கி வைக்கப்பட்டதிலிருந்து இந்தக் குரல் பலமாகியிருக்கிறது. காவிரி, சரபங்கா, திருமணிமுத்தாறு, அய்யாறு இணைப்பு என்பது எங்கள் பக்கத்து விவசாயிகளின் வெகுநாள் கோரிக்கை. அதை நான் எதிர்க்கவில்லை. ஏரிகளுக்கும் பாசனத்துக்கும் உபரிநீர் வரட்டும். ஆனால் உபரிநீர் என்பது மேட்டூர் நிரம்பி வழியும் சில வாரங்களில் கிடைப்பது. அது வரும் காலத்தில் இங்கே மழையும் பெய்துகொண்டிருக்கும். கோடையில் ஆறு நாறும்போது அது இருக்காது. சாக்கடை அடைபடாத ஆற்றில் நல்ல தண்ணீரை விட்டால் நுரை கொஞ்சம் வேகமாகப் பரமத்தி வேலூர் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

தடுப்புச்சுவருக்கு ஆதரவாக உருப்படியான வாதம் ஒன்று உண்டு. அதற்குப் பதில் சொல்லாமல் போனால் அது என் பக்கம் நேர்மையின்மை. வெள்ளம். சேர்வராயன் மலை 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. மேலே பெய்த மழை சில மணி நேரத்தில் நகரத்துக்குள் வந்துவிடும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது ஏற்காட்டில் கொட்டிய மழை என்ன செய்தது என்று சேலத்துக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். சுவர் இல்லாவிட்டால் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் ஏறும், எனவே சுவர் வேண்டும் என்கிறார்கள்.

சில வளைவுகளில், மண் அரிக்கும் இடங்களில், சுவர் வேண்டும்தான். ஊர் முழுக்க இருபுறமும் சுவரும் அடியில் கான்கிரீட்டும் போட்டால் நடப்பது வேறு. தளம் வழுவழுப்பானால் தண்ணீரின் வேகம் கூடும். நகரத்தில் ஒரு மணி நேரம் முன்னதாக வடிந்த வெள்ளம், கொண்டலாம்பட்டிக்குக் கீழே ஒரு மணி நேரம் முன்னதாக, மொத்தமாகப் போய் இறங்கும். அங்கே சுவர் கிடையாது, மண் கரைதான். நகரத்துக்குள்ளும் நிம்மதி இல்லை. ஆற்றின் மட்டம் சுவருக்குள் உயர்ந்து நிற்கும்போது தெரு வடிகால்கள் ஆற்றில் விழ முடியாமல் எதிர்த்துக்கொள்ளும். தெருவில் பெய்த மழை தெருவிலேயே நிற்கும். கிச்சிப்பாளையம், பச்சப்பட்டி போன்ற தாழ்வான பகுதிகளில் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். ஆற்றை அடைக்கக் கட்டிய சுவர் ஊரை அடைத்துவிடும்.

கான்கிரீட் தளத்தால் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. சேலம், நாமக்கல் சமவெளி பாறை பூமி. நிலத்தடியில் தண்ணீர் தங்குவது பாறைப் பிளவுகளிலும் மேலே இருக்கும் சன்னமான மண்ணிலும்தான். ஆற்று மணல்தான் அந்தப் பிளவுகளுக்குத் தண்ணீர் இறங்கும் வாசல். அதைச் சிமெண்ட் போட்டு மூடிவிட்டு, ஆயிரம் அடிக்கு ஆழ்துளை போட்டும் தண்ணீர் இல்லை என்று புலம்புவதற்கு நமக்கு உரிமை கிடையாது. இப்போது இறங்குவது சாக்கடைதானே, மூடினால் நல்லதுதானே என்று கேட்பார்கள். நோயாளிக்கு விஷம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் கொடுக்கிறவன் கையைப் பிடிப்பதற்குப் பதிலாக நோயாளியின் வாயைத் தைப்பது போன்ற யோசனை இது.

இப்போது, எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். ஆற்றோரப் பேட்டைகள் ‘செத்துக் கிடக்கின்றன’, அவற்றுக்கு ‘உயிர் கொடுக்க வேண்டும்’ என்று சொல்கிறார்களே, இவர்கள் எப்போதாவது விடியற்காலை நாலு மணிக்கு ஆனந்தா பாலத்துப் பக்கம் போயிருக்கிறார்களா? ஆற்றோரம் காய்கறிச் சந்தையில் அந்த நேரத்துக்கு லாரி திரும்ப இடம் இருக்காது. தக்காளிப் பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கி, சாக்கை விரித்து உட்கார்ந்து, கால்குலேட்டரும் கையுமாக விலை பேசிக்கொண்டிருப்பார்கள். சுமை தூக்குபவர் ‘வழி, வழி’ என்று கத்திக்கொண்டே இரண்டு மூட்டையோடு இடுக்கில் நுழைவார். டீக்கடைக்காரர் பத்து டம்ளரை ஒரே கையில் கொண்டுபோவார். ஏழு மணிக்குள் வியாபாரம் முடிந்து, சில்லறைக்காரர்கள் தள்ளுவண்டியோடு ஊர் முழுக்கப் பிரிந்துவிடுவார்கள். சற்றுத் தள்ளி லீ பஜாரில் தானியமும் பருப்பும் வெல்லமும் மொத்த வியாபாரம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. ஒரு வீட்டில் கம்பி இழுப்பு, அடுத்த வீட்டில் சலங்கை ஒட்டு, மூன்றாவது வீட்டில் மெருகு. ஒரு கொலுசு நாலைந்து வீடு ஏறி இறங்கித்தான் கடைக்குப் போகிறது. வாடகை குறைவாக இருப்பதாலும் நடந்து போகும் தூரத்தில் எல்லாம் இருப்பதாலும்தான் இந்தத் தொழில் ஓடுகிறது.

சேலத்திலேயே உயிர்த்துடிப்புள்ள இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இந்தப் பேட்டைகளைத்தான் காட்டுவேன். இவற்றுக்கு இல்லாதது கழிப்பறை, குப்பை அள்ளும் வண்டி, ஒழுங்கான வடிகால், லாரி நிறுத்த இடம். இந்த நாலையும் கொடுத்தால் போதும். ஆனால் ‘மறுசீரமைப்பு’ என்று வந்தால் நடப்பது என்ன? பழைய சந்தையை இடித்துப் பலமாடி வளாகம் கட்டுவார்கள். கடை ஏலத்துக்கு வரும். முன்பணம் லட்சக்கணக்கில். சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தவருக்கு இரண்டாவது மாடி எதற்கு? மூட்டையை மாடிக்கு யார் ஏற்றுவது? அவர் பக்கத்துச் சாலையோரத்தில் கடை போடுவார், அப்புறம் ஆக்கிரமிப்பாளர் ஆகிவிடுவார். அகமதாபாத்தில் ஆற்றுப்படுகையில் ஞாயிறுதோறும் கூடிய குஜரி பஜாரையும் இப்படித்தான் கம்பி வேலிக்குள் ஒழுங்குபடுத்தினார்கள். மனை விலை ஏறும் என்று இவர்கள் சந்தோஷமாகச் சொல்வதை நான் அப்படியே நம்புகிறேன். அதுதான் என் பயமும். விலை ஏறினால் முதலில் வெளியேறுவது சலங்கை ஒட்டுகிறவர்.

ஆக்கிரமிப்பு என்ற சொல் வந்துவிட்டதால் அதையும் பேசிவிடலாம். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பு அகற்றவும் தமிழ்நாட்டில் 2007இலேயே சட்டம் இருக்கிறது. அந்த மாதிரி நடவடிக்கை என்றாலே கரையில் ஓட்டு வீட்டுக்காரர் வாசலில்தான் நோட்டீஸ் முதலில் ஒட்டப்படுகிறது. ஆற்றின் அகலத்தைத் தின்றவர்கள் பட்டியலில் கான்கிரீட் வடிகால்களும் சாலைகளும் பாலங்களின் தூண்களும் குப்பைக் குவியல்களும் உண்டு, அதாவது அரசே உண்டு. நோட்டீஸ் ஒட்ட அங்கே கதவு இல்லை.

எல்லாக் கரையோர வீடும் அப்படியே இருக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. குமாரபாளையத்துக்கும் பள்ளிபாளையத்துக்கும் போய்ப் பாருங்கள். மேட்டூரில் ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் திறந்தால் காவிரிக் கரையோரத் தெருக்களில் தண்ணீர் ஏறும். 2018இல் ஏறியது, 2022இல் இரண்டு லட்சத்தைத் தாண்டித் திறந்தபோது வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. ஜனங்கள் பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் போய்த் தங்கி, தண்ணீர் வடிந்ததும் சேற்றை வழித்துப் போட்டுவிட்டு அதே வீட்டுக்குத் திரும்புகிறார்கள். அங்கே மாற்றிடம் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் ஏன் திரும்புகிறார்கள்? தறிக்குடோன் அங்கே இருக்கிறது. இரவு ஷிப்ட் முடிந்து நடந்து வீடு சேரலாம். சென்னையில் கூவம், அடையாற்றுக் கரைக்காரர்களைப் பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் கொண்டுபோய் இறக்கினார்கள். வேலை நகரத்திலும் வீடு வெகு தூரத்திலும் ஆனது. பஸ் கட்டணத்துக்கும் பசிக்கும் நடுவே பலர் வேலையை விட்டார்கள், பிள்ளைகள் பள்ளியை விட்டார்கள். தறியிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் மேட்டு நிலத்தில் வீடு கொடுத்தால் குமாரபாளையத்துக்காரர் தானே மூட்டையைக் கட்டுவார். அதற்கு நிலம் வாங்கப் பணம் வேண்டும். அலங்கார விளக்குக்கு ஒதுக்குகிற பணம் இருக்கிறதே.

எதிர்த்தரப்பில் நான் மதிக்கும் சிலர் வேறு மாதிரி சொல்கிறார்கள். “முதலில் அழகாக்குங்கள். ஜனங்கள் ஆற்றுப் பக்கம் வந்து நடக்க ஆரம்பித்தால் அதன்மேல் அக்கறை வரும். அக்கறை வந்தால் சாக்கடைக்கு எதிராகக் குரல் எழும்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் நேர்மாறாக நடக்கிறது. நாறும் தண்ணீருக்கு மேலே யாரும் நடக்க வரமாட்டார்கள். ஆரம்ப விழா முடிந்து ஆறு மாதத்தில் பெஞ்ச் உடையும், விளக்குக் கம்பி திருடு போகும், ‘நம்ம ஜனங்களுக்கு நல்லது செய்தால் தெரியாது’ என்று பழி ஜனங்கள் மேல் விழும். அக்கறை எப்படி வரும் என்பதற்குச் சேலத்திலேயே பதில் இருக்கிறது. 2010இல் கன்னங்குறிச்சி மூக்கனேரியைச் சேலம் குடிமக்கள் மன்றத்தினர் கையில் எடுத்தபோது சுவரும் கட்டவில்லை, பெஞ்சும் போடவில்லை. தூர்வாரினார்கள். வாரிய மண்ணை வெளியே கொண்டுபோகாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத்திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். மழை வந்தது, பறவை வந்தது, பிறகு பார்க்க ஜனங்கள் வந்தார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்திய பியூஷ் மானுஷின் அரசியலோடு எல்லோரும் ஒத்துப்போக வேண்டியதில்லை. வேலையின் வரிசை சரி என்பதை ஒப்புக்கொள்ளலாம்.

ஆற்றுக்கும் நம் பக்கத்திலேயே ஒரு பாடம் உண்டு, நொய்யல். திருப்பூர் சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, 1992இல் பாசனத்துக்கென்று முடித்த அணை விஷத்தொட்டியானது. கீழே இருந்த ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் வழக்குப் போட்டது. 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. 2011 ஜனவரியில் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது. திருப்பூர் திணறியது. வேலை போனது, ஆர்டர் போனது. பிறகு அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சரிசெய்யப்பட்டன, தொழிலும் எழுந்து நின்றது. நொய்யல் இன்னும் குணமாகவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அங்கே நடந்த மாற்றம் எதுவானாலும் கீழாற்றுக்காரன் கேட்டதால் நடந்தது, மேலாற்றில் பூங்கா வைத்ததால் இல்லை. சேலத்துச் சாயப்பட்டறைகளுக்கும் அதே வழிதான். சிறு பட்டறைக்காரரைத் தெருத்தெருவாகத் துரத்துவதால் பயனில்லை, அவர் அடுத்த ஊரில் தொட்டி வைப்பார். எல்லோரையும் ஓரிடத்தில் சேர்த்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டி, முதலில் அரசு பணம் போட்டு, பிறகு நூல் கிலோவுக்கு இவ்வளவு என்று வசூலிக்கலாம்.

பணம் எங்கே என்று கடைசியில் கேட்பார்கள். ஸ்மார்ட் சிட்டிக்குச் சேலம் 2016 செப்டம்பரில் தேர்வானது. அந்தத் திட்டத்தில் ஒரு நகரத்துக்கு மத்திய அரசு ஐந்து ஆண்டில் 500 கோடி, மாநிலத்தின் பங்கு அதே அளவு என்பது ஏற்பாடு. 2023இல் திறந்த ஈரடுக்குப் பழைய பேருந்து நிலையம், பள்ளப்பட்டி ஏரிக்கரை அலங்காரம், திருமணிமுத்தாற்றுத் தடுப்புச்சுவர் எல்லாம் அந்தப் பணத்தில் பார்த்த வேலைகள். 2025 மார்ச்சில் திட்டமே முடிந்துவிட்டது. இத்தனைக்கும் பிறகு ஆறு கருப்பாகவே ஓடுகிறது. ஆகவே பணம் இல்லை என்ற பேச்சு வேண்டாம். வீட்டு இணைப்பு கண்ணுக்குத் தெரியாது, அதில் கல்வெட்டு வைக்க முடியாது, ரிப்பன் வெட்ட முடியாது. குழாய் பூமிக்குள் போய்விடும். சுவர் வெளியே நிற்கும், அதில் பெயர் எழுதலாம்.

வரும் பட்ஜெட்டில் மாநகராட்சி செய்யக்கூடியது இது. ஆற்றங்கரை அலங்காரத்துக்கான எல்லா ஒப்பந்தப்புள்ளியையும் நிறுத்தி வைக்கட்டும். ஆற்றில் விழும் ஒவ்வொரு வடிகாலுக்கும் எண் போட்டு, எந்தத் தெருவின் தண்ணீர், எந்தத் தேதிக்குள் குழாயில் சேரும் என்று வார்டு அலுவலகத்தில் ஒட்டட்டும். இணைப்புக்கான வைப்புத்தொகையை ஏழை வீடுகளுக்கு மாநகராட்சியே கட்டட்டும். உத்தமசோழபுரத்தில் ஆற்றுத் தண்ணீரை மாதந்தோறும் சோதித்து அந்த எண்ணைப் பாலத்தின்மேல் பலகையில் எழுதட்டும். ஆற்றுக்கென்று குழு போட்டால் அதில் சேலத்து ஆட்சியரோடு நாமக்கல் ஆட்சியரும், பரமத்தி வரையிலான கரையோர விவசாயிகளும் உட்காரட்டும். மேலாற்றில் சுவரா குழாயா என்று வாக்கெடுப்பு வந்தால் அவர்களுக்கும் கை உண்டு. பலகையில் எண் 3க்கு இறங்கிய வருஷம் நடைபாதைக்கு டெண்டர் விடுங்கள், அடிக்கல் நாட்டு விழாவுக்கு நாங்களும் வருகிறோம்.